1960, 70களின் சோல் பாடகியர்: கிடப்பில் கிடந்த பதிவுகள், கேட்கப்படாத பாடல்கள்

நெய்தல் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் பெண் குரல் என்று பேச்செடுத்தால் அரீதா ஃபிராங்க்ளினோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவருடைய பெருமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் அவர் பாடிய அதே ஆண்டுகளில், சில வேளைகளில் அவருக்கு வாசித்த அதே கலைஞர்களோடு பாடிய பெண்கள் பலரின் பதிவுகள் இன்றும் தேடுவோருக்கு மட்டுமே கிடைக்கும் நிலையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மட்டும் இங்கே பேசலாம் என்பது என் விருப்பம்.

முதலில் பெட்டி லாவெட்டைச் சொல்கிறேன். டெட்ராய்ட்டில் வளர்ந்த இவர், 1962இல், தம் 16ஆம் வயதில், ‘மை மேன் – ஹீ'ஸ் எ லவின் மேன்’ என்ற பாடலை அட்லாண்டிக் நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். அது கறுப்பின இசைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. 1965இல் ‘லெட் மீ டவுன் ஈஸி’ வெளியானது. 1972இல் அட்லாண்டிக்கின் துணை நிறுவனமான அட்கோ அவரை அலபாமாவின் மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டூடியோவுக்கு அனுப்பி, பிராட் ஷபீரோவின் தயாரிப்பில் ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்யவைத்தது. ‘சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. ‘யுவர் டர்ன் டு க்ரை’ என்ற ஒரு பாடல் மட்டும் தனித்தட்டாக வெளிவந்தது, ஆல்பம் வரவேயில்லை. ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு அவருக்குத் தெளிவான விடை ஒன்றும் தரப்படவில்லை.

ஒலிநாடாக்கள் தீவிபத்தில் அழிந்துபோயின என்றே நெடுநாள் நம்பப்பட்டது. ஜில் பெத்தார் என்ற பிரெஞ்சு இசைச் சேகரிப்பாளர் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து, 2000ஆம் ஆண்டில் ‘சூவெனீர்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார். 28 ஆண்டுகள் அந்த ஆல்பம் அலமாரியில் கிடந்திருக்கிறது. அதற்கிடையில் லாவெட்டின் பெயரில் முதல் எல்பி (முழு ஆல்பத் தட்டு) வெளியானதே 1982இல்தான், அதாவது முதல் பாடல் வெளிவந்து இருபது ஆண்டுகள் கழித்து.

‘யுவர் டர்ன் டு க்ரை’ பாடலைக் கேளுங்கள். குரலில் உள்ள கரகரப்பைக் குறையாகக் கருதி மறைக்காமல், அதன் மேலேயே பாட்டைக் கட்டி எழுப்புகிறார். உச்சத்தில் கத்துவதற்கு இடமிருந்தும் கத்தாமல், சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் கிழித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். இந்தப் பாடல் கவனம் பெறாமல் போனதற்குப் பாடியவரிடம் ஒரு காரணத்தையும் என்னால் காண முடியவில்லை. காரணங்கள் எல்லாம் ஒப்பந்தத்திலும், விளம்பரச் செலவிலும், நாடாவின் உரிமையிலும் இருந்தன என்பதே என் துணிபு. நீங்கள் குறிப்பிடும் பதிவு எப்படிக் கைநழுவிப் போனது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இராப்பாடி எழுதியது:

நல்ல தொடக்கம் நெய்தல். என் தெரிவில் தயக்கமே இல்லை: டோரிஸ் ட்யூக் பாடிய ‘ஐ'ம் எ லூசர்’.

ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த டோரிஸ் கரி, டோரிஸ் ட்யூக் என்ற பெயரில் பாடினார். புகையிலைத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசான இன்னொரு டோரிஸ் ட்யூக் அக்காலத்தில் நாடறிந்தவராக இருந்ததால், இவருடைய பெயரே இவருக்குத் திரையாகிவிட்டது. ஸ்வாம்ப் டாக் என்று பின்னர் அறியப்பட்ட ஜெர்ரி வில்லியம்ஸ் தயாரிப்பில், ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் இந்த ஆல்பம் பதிவானது. வில்லியம்ஸும் கேரி பாண்ட்ஸும் சேர்ந்து பெரும்பாலான பாடல்களை எழுதினார்கள். ‘டு தி அதர் வுமன்’ என்ற பாடல் 1970இல் கறுப்பின இசைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. மணமான ஒருவரின் வாழ்வில் இருக்கும் இன்னொரு பெண், தன் நிலையைத் தானே எடுத்துரைக்கும் பாடல் அது. குற்றவுணர்வும் இல்லை, வீம்பும் இல்லை. தன் வீட்டுக் கணக்கைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருகிறார், கேட்பவருக்குத்தான் நெஞ்சு கனத்துப்போகிறது.

பாட்டு பட்டியலில் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே அதை வெளியிட்ட கேன்யன் என்ற சிறு நிறுவனம் தள்ளாடத் தொடங்கி, விரைவில் நொடித்துப்போனது. தட்டு அச்சிடவும் கடைகளுக்கு அனுப்பவும் ஆளில்லாதபோது அடுத்த பாடலை வானொலியில் ஒலிக்கவைப்பது யார்? அவர் மேலும் இரண்டு ஆல்பங்கள் பாடினார். இரண்டுமே பரவலாகச் சென்று சேரவில்லை. 2019இல் மறைந்தார்.

இங்கிலாந்தின் டேவ் காடின் என்ற இசை எழுத்தாளரை இங்கே நினைவுகூர வேண்டும். ‘டீப் சோல்’ என்ற வகைப்பெயரையும் ‘நார்தர்ன் சோல்’ என்ற வகைப்பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். டோரிஸ் ட்யூக்கின் இந்த ஆல்பத்தை அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். 1997 முதல் கென்ட் நிறுவனத்தின் வழியாக அவர் தொகுத்த ‘டீப் சோல் ட்ரெஷர்ஸ்’ வரிசையே நம்மில் பலருக்கு இந்த உலகத்தின் வாசலாக இருந்தது.

கொன்றைப்பூ எழுதியது:

நியூ ஆர்லியன்ஸின் இர்மா தாமஸை விட்டுவிட்டு இந்த இழை நகரக் கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன். அவர் பெயர் தெரியாததல்ல. அவருடைய சொந்த ஊரில் அவர் அரசி. ஆனால் அவருடைய பாடல்கள் பிறர் பெயரில் உலகைச் சுற்றிவந்தன என்பதுதான் வேதனை.

1963இல் அவர் பாடிய ‘ரூலர் ஆஃப் மை ஹார்ட்’ மெட்டைச் சொற்களை மாற்றி ஓட்டிஸ் ரெட்டிங் ‘பெயின் இன் மை ஹார்ட்’ என்று பாடினார். 1964இல் அவர் பாடிய ‘டைம் இஸ் ஆன் மை சைட்’ பாடலை அதே ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிப் பெரும்புகழ் பெற்றார்கள். அதே ஆண்டின் ‘பிரேக்அவே’, 1983இல் டிரேசி உல்மன் குரலில் இங்கிலாந்தில் வெற்றி கண்டது. ‘டைம் இஸ் ஆன் மை சைட்’, ‘பிரேக்அவே’ இரண்டுமே இர்மாவின் தட்டுகளில் பி பக்கத்துப் பாடல்கள், அதாவது முதன்மைப் பாடலுக்குப் பின்பக்கத்தில் வைத்தவை, என்பதைக் கவனியுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டைத்தான் இவர் திரும்பப் பாடுகிறார் என்று மேடைக்கு வந்தவர்களே எண்ணத் தொடங்கியதால், தம் பாட்டையே அவர் நெடுங்காலம் பாடாமல் விட்டார்.

எனினும் நான் முன்வைக்க விரும்புவது அவருடைய கொட்டிலியன் பதிவுகளை. 1969இல் கமில் புயல் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையைத் தாக்கிய பிறகு அவர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, பல்பொருள் அங்காடி ஒன்றில் விற்பனையாளராக வேலை பார்த்தார். 1970களின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் கிளையான கொட்டிலியனுக்காக ஓர் ஆல்பத்துக்குரிய பாடல்களைப் பதிவு செய்தார். ‘ஃபுல் டைம் வுமன்’ என்ற ஒரேயொரு தட்டு வந்தது. மீதியெல்லாம் 2014 வரை வெளிவரவில்லை. நெய்தல் குறிப்பிட்ட லாவெட்டின் கதையும் இதுவும் ஒரே குடும்பத்து நிறுவனங்களில், ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் நடந்தவை என்பதைப் பார்க்கும்போது, இதைத் தனி மனிதர்களின் கெட்ட நேரம் என்று சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை.

‘ஃபுல் டைம் வுமன்’ பாடலின் இர்மாவுக்கு முப்பது வயது. ‘இட்'ஸ் ரெய்னிங்’ பாடிய இளம்பெண்ணின் குரல் இதில் இல்லை. அரைகுறையான உறவு வேண்டாம், முழுமையாக வேண்டும் என்று கேட்கும் பெண்ணின் பாட்டு. கெஞ்சலுக்கு அதில் இடமில்லை. இந்தக் குரலை அன்றே கேட்டிருந்தால், அவரைப் பற்றிய மதிப்பீடு அறுபதுகளோடு நின்றிருக்காது.

தாளக்கட்டு எழுதியது:

எனக்கொரு அடிப்படை ஐயம். இத்தனை திறமை உள்ளவர்களை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் ஏன் ஆல்பமாக வெளியிடாமல் ஒற்றைத் தட்டுகளோடு நிறுத்திக்கொண்டன? பதிவுச் செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டதே?

நெய்தல் எழுதியது:

நல்ல கேள்வி. சோல் இசையின் வணிகம் 45 சுழற்சித் தட்டுகளின் மேல் நின்றது. இரண்டு பாடல்கள் கொண்ட தட்டு மலிவானது. கறுப்பின மக்களின் வானொலி நிலையங்களிலும், உணவகங்களின் ஜூக்பாக்ஸ்களிலும் அதுவே சுழன்றது. பாட்டு பட்டியலில் மேலே ஏறினால்தான் ஆல்பம் என்பது பொது வழக்கம். பதிவுக்கு ஆன செலவைவிட, அச்சிட்டு, உறை தயாரித்து, நாடெங்கும் கடைகளுக்கு அனுப்பி, வானொலி அறிவிப்பாளர்களிடம் கொண்டுசேர்க்கும் செலவு அவர்களை அஞ்சவைத்தது. முதல் தட்டு ஓடவில்லையென்றால், பதிவான மற்ற பாடல்களை அப்படியே விட்டுவிடுவது கணக்கில் மலிவாகத் தெரிந்தது. பாடகருக்குத் தரப்பட்ட முன்பணமும் ஸ்டூடியோச் செலவும் அவருடைய பங்குத்தொகையிலிருந்தே (ராயல்டி) கழிக்கப்பட்டதால், வெளிவராத ஆல்பம் பாடகரின் பெயரில் கடனாக நின்றதும் உண்டு.

ஆண் பாடகர்களுக்கும் இது நேர்ந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெண் நட்சத்திரம் போதும் என்ற எண்ணம் பெண்களை மட்டுமே தாக்கியது. அரீதா அட்லாண்டிக்கில் நட்சத்திரமான 1967க்குப் பிறகு அந்நிறுவனக் குடும்பத்தில் பாட வந்த ஒவ்வொரு பெண்ணும் அரீதாவின் அளவுகோலால் அளக்கப்பட்டார்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். தகவல்களில் எனக்கு முரண்பாடில்லை. ஆனால் இந்த இழை செல்லும் திசையில் எனக்கொரு மனக்குறை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மறுவெளியீட்டு நிறுவனங்களும் சேகரிப்பாளர்களும் தேர்ந்தெடுக்கும் பெண் குரல்கள் பெரும்பாலும் உடைந்துபோன பெண்ணின் குரல்களாகவே இருக்கின்றன. கைவிடப்பட்டவள், ஏமாற்றப்பட்டவள், நள்ளிரவில் அழுகிறவள். ‘டீப் சோல்’ என்ற வகையே அந்த அழுகையின் ஆழத்தைக் கொண்டுதான் அளக்கப்படுகிறது. பாடியவரின் வாழ்க்கையும் துயரமாக இருந்துவிட்டால் உறையின் பின்பக்கக் குறிப்பு எழுதுவதற்கு இன்னும் வசதி. இதில் பெண்களின் தொழில்திறம் மறைந்துபோகிறது என்பது என் குற்றச்சாட்டு.

பார்பரா லின்னைப் பாருங்கள். டெக்சாஸின் போமான்ட் ஊர்க்காரர். இடக்கையால் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவர், தம் பாடல்களைத் தாமே எழுதியவர். 1962இல், இருபது வயதில், அவர் எழுதிப் பாடிய ‘யூ'ல் லூஸ் எ குட் திங்’ கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரீதாவே அதைப் பின்னர் பாடினார். 1976இல் ஃபிரெடி ஃபென்டர் பாடி கன்ட்ரி இசைப் பட்டியலிலும் அது முதலிடம் பெற்றது. ரோலிங் ஸ்டோன்ஸும் அவருடைய வேறொரு பாடலை எடுத்துப் பாடினார்கள். 1968இல் அட்லாண்டிக் வெளியிட்ட ‘ஹியர் இஸ் பார்பரா லின்’ எந்தச் சோகக் கதையையும் துணைக்கழைக்காமல் தன் காலில் நிற்கும் ஆல்பம். ஆனாலும் அது முறையாக மறுவெளியீடு பெற 2014 வரை காத்திருந்தது. கிட்டார் வாசிக்கும் கறுப்பினப் பெண்ணை எந்தப் பெட்டியில் வைப்பது என்று அன்றைய விளம்பரக்காரர்களுக்குத் தெரியவில்லை. இன்றைய சேகரிப்பாளர்களுக்கும் அவர் போதிய அளவு அழவில்லை. ‘நீ என்னை இழந்தால் நல்லதொன்றை இழப்பாய்’ என்று அமைதியாக எச்சரிக்கும் பெண்ணுக்கு இந்தச் சந்தையில் இடம் குறைவு.

அமெரிக்காவின் தேசியக் கலை அறக்கட்டளை 2018இல் அவருக்கு நாட்டின் மரபுக்கலை விருதை அளித்தது என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

இராப்பாடி எழுதியது:

வைகைக்கரை, உங்கள் குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். பார்பரா லின்னைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி. மறுபாதியை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அழுகைக்கும் தொழில்திறத்துக்கும் நடுவே நீங்கள் கோடு போடுகிறீர்கள்.

நியூ ஜெர்சியின் நுவார்க் நகரிலிருந்து வந்த லிண்டா ஜோன்ஸை எடுத்துக்கொள்வோம். 1967இல் ‘ஹிப்னடைஸ்ட்’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1972இல் வெளியான ‘யுவர் பிரெஷியஸ் லவ்’ பாடலில், பாட்டைத் தொடங்கும் முன்பு அவர் சபை நடுவே எழுந்து நின்று பேசுவதுபோல் பேசுகிறார். பிறகு ஒரே அசையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, சுழன்று, மூச்சு முடியும் இடத்தில் மற்றொரு திருப்பம் போட்டு இறங்குகிறார். கட்டுப்பாடிழந்த கதறல் என்று முதல்முறை கேட்பவர் நினைக்கக்கூடும். அடுத்தடுத்த அடிகளில் அதே வகைத் திருப்பத்தைத் தாளம் பிசகாமல் வெவ்வேறு நீளத்தில் வைக்கிறார் என்பது கூர்ந்து கேட்டால் புலப்படும். இது தேவாலயத்தின் காஸ்பெல் பாட்டில், சிறுவயது முதல் பழகிப் பழகி வரும் வித்தை. 1972 மார்ச்சில், நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்த நாட்களில், நீரிழிவு நோயால் 27 வயதில் அவர் இறந்துபோனார். அந்த இறப்பை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டாலும் அந்தப் பாட்டு அப்படியே நிற்கும்.

லொரெய்ன் எலிசனின் ‘ஸ்டே வித் மீ’ பாடலும் அப்படித்தான். 1966இல் ஃபிராங்க் சினாட்ராவின் பதிவுக்காக ஏற்பாடு செய்யப்பட்டிருந்த 46 பேர் கொண்ட இசைக்குழு, அவர் வர முடியாமல் போனதால் சும்மா இருக்க, தயாரிப்பாளர் ஜெர்ரி ராகவாய் அந்த நேரத்தை எலிசனுக்காகக் கேட்டு வாங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அத்தனை பெரிய வாத்தியக் குழுவுக்கு எதிரே நின்று, முதல் அடிகளை ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடும் துணிவு தொழில் தெரிந்தவருக்கே வரும். அவருடைய மற்றப் பதிவுகளைத்தான் யாரும் தொடுவதில்லை. ஜானிஸ் ஜாப்லின் பாடிப் புகழ்பெற்ற ‘ட்ரை’ பாடலை அவருக்கு முன்பே, 1968இல், பாடியவர் எலிசன்.

கொன்றைப்பூ எழுதியது:

இருவரும் சொல்வதற்கு நடுவே கேண்டி ஸ்டேட்டன் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1976இன் ‘யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ’ என்ற டிஸ்கோ பாடலால்தான் உலகம் அவரை அறியும். அதற்கு முன்பு, 1969 முதல் சில ஆண்டுகள், மசில் ஷோல்ஸில் ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோவில் அவர் பாடியவை அந்த ஒரு வெற்றியால் மூடப்பட்டுவிட்டன. ‘கிழவனின் செல்லமாக இருப்பேனேயன்றி இளைஞனின் கைப்பாவையாக இருக்கமாட்டேன்’ என்ற பொருளில் அமைந்த அவருடைய முதல் ஃபேம் பாடலில் அழுகையும் உண்டு, வாதமும் உண்டு, நகைப்பும் உண்டு. தொண்டை கரகரக்கும்வரை ரிக் ஹால் திரும்பத் திரும்பப் பாடவைப்பார் என்று ஸ்டேட்டன் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அப்படியானால், நாம் ‘உடைந்த குரல்’ என்று உருகுவதில் தயாரிப்பாளரின் கணக்கும் கொஞ்சம் இருக்கிறது. வைகைக்கரை அண்ணனின் கருத்துக்கு இது வலுச்சேர்க்கும்.

நாஷ்வில்லின் கன்ட்ரி பாடலான ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ பாடலையும் அவர் 1970இல் பாடினார். கணவனுக்குத் துணைநில் என்று சொல்லும் அந்தப் பாட்டை அவர் பாடும்போது, அந்த அறிவுரைக்குப் பெண் கொடுக்கும் விலை குரலில் தெரிகிறது. பழைய ஃபேம் பதிவுகளை 2000களின் தொடக்கத்தில் லண்டனின் ஆனஸ்ட் ஜோன்ஸ் நிறுவனம் தொகுத்து வெளியிட்ட பிறகே அவர் மீண்டும் சோல் பாடல்களோடு மேடைக்கு வந்தார்.

தாளக்கட்டு எழுதியது:

இந்தப் பாடல்களை நாம் இன்று கேட்பதால் பாடியவர்களுக்கு ஏதேனும் போய்ச் சேருகிறதா? அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நெய்தல் எழுதியது:

பாட்டை எழுதியவரா, பாடியவர் மட்டுமா என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வழக்கமான வானொலியில் ஒரு பாடல் ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்புரிமையாளருக்கும் பணம் உண்டு. பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. இன்றும் அதுவே சட்டம். ஆகவே பார்பரா லின் தாமே எழுதினார் என்பதும், ‘விஷ் சம்ஒன் வுட் கேர்’ பாடலை இர்மா தாமஸ் தாமே எழுதினார் என்பதும் வாழ்க்கைச் செலவோடு தொடர்புடைய செய்திகள். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பிரெண்டா ஹாலவே 1967இல் பாடிய ‘யூ'வ் மேட் மீ சோ வெரி ஹேப்பி’ பெரிதாக ஓடவில்லை. 1969இல் பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழு அதைப் பாடி அமெரிக்கப் பாடல் பட்டியலில் இரண்டாம் இடம்வரை கொண்டுசென்றபோது, அதை எழுதியவர்களில் தாமும் ஒருவர் என்பதால் ஹாலவேக்கு உரிய பங்கு இருந்தது. டோரிஸ் ட்யூக்குக்கும் லிண்டா ஜோன்ஸுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இதில் முன்னோடியாகப் போராடியவர் ரூத் பிரௌன். 1950களில் அட்லாண்டிக் நிறுவனத்தையே தாங்கிப்பிடித்த பாடகி, பிற்காலத்தில் வீட்டுவேலை செய்து பிழைத்தார். பங்குத்தொகைக்காக அவர் நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாகவே 1988இல் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை தோன்றியது. மேலும் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் அமெரிக்கக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே கிடந்தன. 2018இல் வந்த சட்டமே, இணைய வானொலிகளில் அவை ஒலித்தால் பாடியவர்களுக்கும் பணம் சேர வழி செய்தது. இந்த இழையில் நாம் பேசிய பதிவுகளில் பெரும்பாலானவை அந்தத் தேதிக்கு முந்தியவை.

வைகைக்கரை எழுதியது:

அந்த விளக்கத்துக்கு நன்றி. இன்னொரு பதிவையும் சேர்க்கிறேன். இதைச் சோகக் கதையாக யாரும் சொல்ல முடியாது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பென்னி அண்ட் தி குவார்ட்டர்ஸ் என்ற பெயரில் சில இளைஞர்கள் ‘யூ அண்ட் மீ’ என்ற பாடலை ஒத்திகைப் பதிவாகப் பாடினார்கள். ஒரேயொரு கிட்டார், முன்னே ஒரு பெண் குரல், பின்னே ஆண் குரல்கள். அது வெளிவரவில்லை. பல்லாண்டுகள் கழித்து, விற்பனைக்கு வந்த பழைய நாடாக்களுக்குள் அது கிடைத்தது. சிகாகோவின் நியூமெரோ குரூப் 2007இல் தொகுப்பு ஒன்றில் வெளியிட்டபோது பாடியவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. 2010இல் ‘புளூ வேலன்டைன்’ என்ற திரைப்படத்தில் அது இடம்பெற்றது. அதன் பிறகே பென்னி யாரென்று தெரியவந்தது.

பாடியவரைத் தேடிக் கண்டுபிடிப்பதையும் மறுவெளியீட்டாளர்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இராப்பாடி, லிண்டா ஜோன்ஸின் அந்தத் திருப்பங்கள் எந்தெந்த இடத்தில் வருகின்றன என்று நேரக் குறிப்போடு எழுதுங்கள். பார்பரா லின்னின் 1968 ஆல்பத்தில் கிட்டார் எங்கே குரலுக்கு மறுமொழி சொல்கிறது என்று நான் எழுதுகிறேன். தாளக்கட்டு இரண்டையும் கேட்டுவிட்டுத் தம் கருத்தைச் சொல்லட்டும்.